இடம் கிடைக்கட்டும், சொல்லலாம்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் இப்போது ஒரே கேள்விதான். "காவ்யா என்ன படிக்கப் போறா?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பாத்துட்டு இருக்கோம்." என்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சுவரைத்தான் என்று சொல்லியிருப்பேன்.

காவ்யா என் ஒரே மகள். ஜூனியர் காலேஜ் முடித்துவிட்டாள். நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ. அவளுக்கு வேண்டியது பிசினஸ் டிகிரி, அதாவது வணிக நிர்வாகப் பட்டப்படிப்பு. டாக்டருக்குப் படிக்கிறேன் என்று அடம் பிடிக்கவில்லை, சினிமாவில் சேருகிறேன் என்று பயமுறுத்தவில்லை. வணிகம் படிக்கிறேன் என்கிறாள். அவ்வளவுதான். அதற்கு இதை எழுதுகிற இன்றுவரை அவளுக்கு எங்கும் இடம் இல்லை. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு மேல்முறையீடு மட்டும் கிடக்கிறது. அதுவும் போனால் இந்த வருடம் போயிற்று. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிவிடும்.

என் கணவர் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் சூப்பர்வைசர். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு ஈசூனில். நான் அவ்வப்போது இப்படி எதையாவது எழுதி ஊருக்கு அனுப்புவது அவருக்குத் தெரியும், படிக்கமாட்டார். இந்த முறை மட்டும், "முடியாத விஷயத்தை எழுதாத. முடியட்டும்" என்றார். அந்த 'முடியட்டும்' எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதையே சொல்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

2

நான் பி.காம் சேர்ந்த கதையைச் சொன்னால் காவ்யா சிரிப்பாள். அருப்புக்கோட்டையில் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். மார்க் ஷீட், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ் மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அப்பாவோடு விருதுநகருக்கு பஸ் ஏறினேன். கல்லூரி வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயர் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடமும் என்னென்ன படிக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள். உனக்கு ஏன் வணிகம் என்று ஒரு ஆள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அப்பா சொன்னார் என்பதைத் தவிர என்னிடம் பதிலும் இருந்திருக்காது.

இங்கே எல்லாம் வேறு. மூன்று முக்கியப் பாடங்கள், பொதுத்தாள் என்கிற கட்டுரைத் தாள், இவற்றையெல்லாம் புள்ளிகளாக மாற்றிக் கூட்டுகிறார்கள். கணிதத்தில் தேறியிருக்க வேண்டும். தாய்மொழியிலும் தேறியிருக்க வேண்டும். காவ்யா தமிழில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியவள், வீட்டில் அந்தத் தமிழை எடுக்கத்தான் மாட்டாள். இத்தனையும் இருந்தால் வாசல்வரை வரலாம். உள்ளே விடுவது அந்த வருடம் வரிசையில் நிற்கிற மற்ற பிள்ளைகளைப் பொறுத்தது.

அந்தப் படிப்பின் அமைப்பு எனக்கு இப்போது மனப்பாடம். நான் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் அவள் அடுப்படியில் நின்று ஒப்பித்திருக்கிறாள். மொத்தம் நான்கு வருடம். முதல் வருடம் எல்லோருக்கும் பொது. கணக்கியல், பொருளாதாரம், புள்ளியியல், சந்தைப்படுத்தல், அப்புறம் வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு பாடம். "அதுக்கு எதுக்குடி காலேஜ், எங்க கடைக்கு வந்து ஒரு நாள் நில்லு" என்றேன். இரண்டாம் வருடத்தில் நிதி, மனிதவளம், சரக்குப் போக்குவரத்து என்று ஒரு கிளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பருவம் வெளிநாட்டில் போய்ப் படிக்கலாம். ஒரு நிறுவனத்தில் கட்டாயம் பயிற்சி எடுக்க வேண்டும். கடைசி வருடம், உண்மையான ஒரு கம்பெனியின் உண்மையான தலைவலியை நாலைந்து பேர் சேர்ந்து தீர்த்துக் கொடுக்க வேண்டும்.

அவள் எந்தக் கிளை என்பதுகூட முடிவாகியிருந்தது. சரக்குப் போக்குவரத்து. ஏன் என்று கேட்டேன்.

"அப்பா கப்பல ரிப்பேர் பண்றாரு. நீங்க அதுல வந்த பருப்புக்குக் கணக்கு எழுதறீங்க. நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும் மா."

பதினெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு வாக்கியம் வந்திருக்குமா? வந்திருக்காது. அதற்காகவே அவளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

தேர்வு முடிவு வந்தது. பொதுத்தாளிலும் பொருளாதாரத்திலும் எதிர்பார்த்ததைவிட ஒரு படி கீழே. முந்தைய வருடம் உள்ளே போனவர்களின் புள்ளியைப் பார்த்தால் இவளுடையது கொஞ்சம் குறைவு. அழுதாள், நானும் அழுதேன். பிறகு அவளே இன்னொரு வழி இருப்பதைச் சொன்னாள். புள்ளி குறைந்தாலும் ஆர்வமும் திறமையும் பார்த்து எடுக்கிற வழி. ஏன் இந்தப் படிப்பு, இதுவரை என்ன செய்தாய் என்று எழுதித் தர வேண்டும். இவள் வேலை செய்ததைக் கூட இருந்து பார்த்த ஒருவர் இவளைப் பற்றி எழுத வேண்டும். பிடித்திருந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள்.

3

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் அக்காவுக்கு முதலில் வந்த சம்பந்தம் நல்ல இடம். பூ வைப்பதற்கு முன்னாலேயே அம்மா சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அது நின்றுபோனது. கண் பட்டுவிட்டது என்று முடிவானது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் முடியும்வரை வெளியே போகாது. என் கணவர் வீட்டில் இதைவிட மோசம். இங்கே வந்தும் அப்படியேதான் இருந்தோம். வீடு வாங்கியதைச் சாவி கைக்கு வந்த பிறகுதான் சொன்னோம். நிரந்தரவாசம் கிடைத்ததையும் அப்படித்தான் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் சொன்னோம். அவர்களுக்கும் அப்போதுதான் கிடைத்திருந்தது. ஒரே லிஃப்டில் தினமும் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டு, இரண்டு வீட்டாரும் மூச்சு விடவில்லை. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

தன்னைப் பற்றி எழுத காவ்யா கேட்க நினைத்த ஆள் ஜெசிந்தா டீச்சர். பொருளாதார ஆசிரியை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி. பிள்ளைகள் அவருக்காக உயிரை விடுவார்கள். ஆனால் அவருடைய அண்ணன் மகனும் அதே வருடம் அதே படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறான் என்று காவ்யாவே ஒரு நாள் சொல்லியிருந்தாள். என் கணவர் உடனே நிறுத்திவிட்டார். "அவங்க வீட்டுப் பையனும் போடறான். நம்ம பொண்ணு போடறது அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? இடம் கிடைக்கட்டும், சொல்லலாம்." எனக்கும் அது சரியாகவே பட்டது.

அவருக்குப் பதிலாக நாங்கள் பிடித்த ஆள், என் கணவரின் நண்பர் ராமநாதன் அண்ணன். கோயில் தொண்டூழியக் குழுவில் இருக்கிறார். அவர் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள், அதனால் கண் படாது. காவ்யாவை அவருக்கு தீபாவளிக்கு தீபாவளி தெரியும். எழுதியதை அனுப்புவதற்கு முன் போனில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மிக நல்ல பெண். பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்திப் பேசமாட்டாள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டாள். என் கணவர் நெகிழ்ந்துபோனார். நன்னடத்தைச் சான்றிதழ் இதைவிட எப்படி இருக்கும் என்று நானும் நினைத்தேன். காவ்யா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அது பிசினஸ் ஸ்கூல். அவங்களுக்கு ஆர்க்யூ பண்ற ஆள்தான் வேணும்."

"பாத்தியா, இப்பவே ஆர்க்யூ பண்றா" என்றார் இவர்.

4

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும் முன் தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்கப் போனேன். ஞாயிறு காலையில் அங்கே நிற்க இடம் இருக்காது. மீன் தண்ணீர் காலில் படாமல் ஒதுங்கினபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஜெசிந்தா டீச்சர். ஓடி ஒளிய இடம் இல்லை.

"நீங்க காவ்யா அம்மாதானே? எப்படி இருக்கா அவ? எங்க போறா, லண்டனா, ஆஸ்திரேலியாவா?"

"லண்டனா?" என்றேன்.

"அவதான் சொன்னா, லோக்கல் யூனிக்கு அப்ளை பண்ணல, ஓவர்சீஸ் போறேன்னு. ரெண்டு தடவ நானா போய்க் கேட்டேன் மா. ரெஃபரி வேணும்னா சொல்லு, நான் எழுதறேன்னு. வேணாம் மிஸ்னு சொல்லிட்டா."

சட்டமாவது ஒன்றாவது என்று அந்த நிமிடத்தில் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. "இல்ல டீச்சர். இங்கதான் போட்டிருக்கோம். இன்னும் பதில் வரல."

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னும் வரலியா? ரிசல்ட் எல்லாம் போன மாசமே வந்துடுச்சு லா. எங்க அண்ணன் பையன் அக்செப்ட்டே பண்ணிட்டான்." பிறகு, சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல நிறுத்திவிட்டார்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, என்னைக் கூட்டிக்கொண்டு போய் சாப்பாட்டுக் கடைப் பக்கம் உட்காரவைத்து பால் சேர்க்காத தே ஓ வாங்கிக் கொடுத்தார். தேற்றுவதற்காகத்தான் சொன்னார், ஆனால் அதுதான் என்னை உடைத்தது. "அவ நடத்துன கடைய நீங்க பாத்திருக்கணும். அவளப் பத்தி எழுத எனக்கு எவ்ளோ இருந்துச்சு தெரியுமா?"

"என்ன கடை?"

பள்ளியில் பழைய சீருடைகளை வாங்கி விற்கிற கடை ஒன்றை காவ்யா ஆரம்பித்தாளாம். முதல் பருவத்தில் ஒருவர்கூட வாங்கவில்லை. மற்ற பிள்ளைகள் விட்டுவிடலாம் என்றபோது, இவள் ஒவ்வொரு வகுப்பாகப் போய்க் கேட்டிருக்கிறாள். பழைய சட்டை வாங்குவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறாள். உடனே மேசையை எடுத்துவிட்டு, போனில் சொன்னால் வெறும் காகிதப் பையில் போட்டு லாக்கருக்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்று மாற்றியிருக்கிறாள். அதைப் பள்ளி அனுமதிக்காது என்ற இந்த டீச்சரோடு ஒரு வாரம் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார் டீச்சர்.

தெரியாது. நன்றாக நடந்து முடியட்டும், சொல்லலாம் என்று வைத்திருந்தாளோ என்னவோ. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ரயில் ஏறினேன். அது பொய்யும் இல்லை.

5

காவ்யா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூட நான் சரியாகக் கழற்றவில்லை.

"மெயில் வந்துச்சா?"

என்னைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "வந்துச்சு."

"எப்ப?"

"போன மாசம்."

"எந்த யூனிவர்சிட்டி?"

"மூணும்."

என் கணவர் கையில் இருந்த துண்டை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். மூன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நேர்முகத்துக்குக்கூட எங்கேயும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் இவள் தினமும் எழுந்து, குளித்து, நூலகம் போகிறேன் என்று கிளம்பி, திரும்பி வந்து, "இன்னும் வரலம்மா" என்று சொல்லியிருக்கிறாள். நான் அவள் கையில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டு, பெருமாள் கோயிலில் அர்ச்சனை செய்து கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"முடியட்டும், சொல்லலாம்னுதானே இந்த வீட்ல ரூல்? இட்ஸ் நாட் ஓவர் மா. அப்பீல் போட்டிருக்கேன். கிடைச்சா சொல்லிருப்பேன்."

"கிடைக்கலேன்னா?"



அப்பீலோடு சேர்த்து புதிதாக ஏதாவது அனுப்புவதென்றால் அந்த வாரத்துக்குள் அனுப்பலாம் என்று கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். ஆனால் டீச்சரைக் கேட்கமாட்டேன் என்றாள். "மிஸ் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிருக்கேன் மா. ரெண்டு தடவ. நீங்க சொல்ல வெச்ச பொய்." நானே டீச்சருக்குப் போன் செய்தேன், ஸ்பீக்கரில் போட்டேன்.

"எழுதறேன் மா" என்றார் அவர். "ஆனா முன்னாடியே ஏன் என்கிட்ட கேக்கலன்னு அவங்களுக்குத் தோணும். அதுக்கும் நான் ஏதாவது சொல்லணும். பொய் எழுதமாட்டேன்."

என் கணவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வீட்டு விஷயம் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு என்று வாயசைத்தார். காவ்யா அவரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எழுதுங்க மிஸ். எல்லாத்தையும் எழுதுங்க. ஐயம் சாரி மிஸ்."

"சாரி எல்லாம் அப்புறம். அந்த யூனிஃபார்ம் கடை முதல்ல ஃபெயில் ஆச்சே, அதையும் போடவா?"

"அதத்தான் மிஸ் முதல்ல போடணும்."

டீச்சர் எழுதி அனுப்பிவிட்டார். கூடவே எனக்கு ஒரு குரல் பதிவும் அனுப்பினார். ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க, அப்பீல்ல எடுக்கிறது ரொம்பக் கம்மி. நேர்மையான மனுஷி. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

6

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். என் கணவர் வேலைக்குப் போகிறார், வருகிறார், டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். நேற்று ராமநாதன் அண்ணனுக்குப் போன் செய்து, விஷயம் இன்னும் முடியவில்லை என்றார். தனியார் கல்லூரிகளின் விளம்பரங்கள் என் போனில் வந்து குவிகின்றன. அங்கே நுழைவுத் தகுதி லேசு, வெளிநாட்டுப் பட்டம் இங்கேயே என்கிறார்கள். படிப்பின் அமைப்பைப் பார்த்தால் வெளிநாட்டுப் பருவம் இல்லை, பயிற்சி இல்லை, அவள் கேட்ட கிளையும் இல்லை. காவ்யாவிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "ஓகே மா, எதுவா இருந்தாலும் ஓகே" என்றாள். ஆர்க்யூ பண்ணுகிற பெண் எங்கே போனாள்?

கடையில் பட்டியல் போடும்போது தப்பு வருகிறது. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். என்ன சம்பாதித்தாய் என்று யாராவது கேட்டால் இந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன். அவளுக்கு ஒரு வாசல் திறக்கவேண்டிய நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். இதற்கு என்ன பரிகாரம் என்று எந்தக் கோயிலில் கேட்பது?

நேற்று முன்தினம் சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன். "அந்தக் கடைசி மெயில் வந்த அன்னிக்கு என்னடி பண்ணே?"

சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள்.

ரயிலில் வந்துகொண்டிருந்தபோது நொவீனா நிலையம் தாண்டி அந்த மெயில் வந்ததாம். அதுதான் மூன்றாவது. அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி, காய்கறித் தள்ளுவண்டியோடு. டிஷ்யூ எடுத்துக் கொடுத்து, ஏன் கேர்ள், என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் மா. மார்க்கு, மிஸ், அப்பா, நீங்க, எல்லாம். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

அந்த அம்மாள் தோ பாயோவில் இறங்க வேண்டியவராம். இறங்கவில்லை. காவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு நிலையம் தள்ளி ஈசூன்வரை வந்திருக்கிறார். இவள் படியிறங்கிப் போகும்வரை பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் ரயிலுக்காக நின்றாராம்.

அது என்றைக்கு என்று கேட்டேன். போன மாதம் ஒரு புதன்கிழமை என்றாள்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. நான் வீட்டில்தான் இருந்தேன். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் உள்ளே வந்ததும் வெயிலா என்று கேட்டேன், கண் சிவந்திருந்ததால். ஆமாம் என்றாள். தட்டு வைத்தேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.